பெற்றோர் கூட்டத்துக்கு ஏன் ஆள் வருவதில்லை? பாலக்காட்டு எல்லையில் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் (ஆந்திரத்துச் சித்தூர் இல்லை) கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி, முதலமடை பக்கம் அங்கன்வாடியில் புதிதாகச் சேர்ந்தவர்களும், குழந்தை வளர்ப்பு பற்றிப் பெற்றோரிடம் பேசும் திட்டங்களுக்கு வந்தவர்களும் கொஞ்ச நாளிலேயே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கூட்டம் போட்டா யாரும் வர்றதில்லையே, என்ன பண்றது?" பக்கத்திலேயே ஒரு பதிலும் தயாராக இருக்கும். "இந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் குழந்தைங்க மேல அக்கறை பத்தாதுங்க."

அந்தப் பதிலை நான் ஒத்துக்கொள்வதில்லை. கடனை உடனை வாங்கியாவது பிள்ளையை எல்கேஜியில் சேர்க்கிற வீடுகள்தான் நம் கூட்டத்துக்கு வராத வீடுகளும். அக்கறை இருக்கிறது. நாம் கூப்பிடுகிற நேரம்தான் அவர்களுக்குத் தோதுப்படவில்லை. மெனக்கெட்டு வந்தாலும் அங்கே நடப்பதில் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோக ஒன்றும் இல்லை. இந்த இரண்டையும் எப்படிச் சரிசெய்வது என்பதுதான் கீழே வருவது. மூன்று வயதானால் குழந்தையே மையத்துக்கு வந்துவிடும். அதற்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு வீட்டில் இருப்பவர்கள்தான் டீச்சர். அதனால் அந்த வீடுகளை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு முன்னால் வீட்டு நேரம்

சேர்ந்தவுடன் கூட்டம் போடாதீர்கள். முதல் இரண்டு வாரம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். யார் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எங்கே வேலைக்குப் போகிறார்கள், ஒன்பதிலிருந்து நாலு வரை குழந்தை யார் இடுப்பில் இருக்கிறது என்பதை மட்டும் கேட்டு எழுதுங்கள்.

நமது பக்கத்து வீடுகளின் நாள் விடியும் முன்பே தொடங்கிவிடும். பால் கறந்து சொசைட்டியில் ஊற்ற வேண்டும். அப்புறம் நூறு நாள் வேலை (பஞ்சாயத்து நோட்டீஸில் தொழிலுறப்பு), இல்லையென்றால் தென்னந்தோப்பு, செங்கல் சூளை, கோயம்புத்தூர் பஸ். கள் இறக்குகிறவர் காலையிலும் மாலையிலும் மரத்தில் இருப்பார். சாயங்காலம் மறுபடி பால். அங்கன்வாடி திறந்திருக்கும் ஒன்பதரை முதல் மூன்றரை வரைதான் வீட்டில் அம்மா அப்பா இல்லாத நேரம். அந்த நேரத்தில் கூட்டம் வைத்தால் வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போகும். கூலியை விட்டுவிட்டு வா என்று யாரையும் நாம் சொல்ல முடியாது.

ஆட்கள் ஏற்கெனவே கூடும் இடத்துக்கு நாம் போவதுதான் சுலபம். குடும்பஸ்ரீ அயல்கூட்டம் (கேரளத்துப் பெண்கள் சுயஉதவிக் குழு) பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் நடக்கும். அங்கே பதினைந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில், வேலையை மேற்பார்க்கும் 'மேட்'டிடம் முந்தின நாளே சொல்லிவைத்தால், சாப்பாட்டு நேரத்தில் மரத்தடியில் பேசலாம். அமிர்தம் பொடி கொடுக்கும் நாளும் நல்ல நாள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைக்குக் குடும்பஸ்ரீ யூனிட்டுகள் தயாரிக்கும் பொடி அது. போஷன் டிராக்கரில் (அங்கன்வாடிப் பதிவு செய்யும் போன் செயலி) முகம் பதிவதால் இப்போது பக்கத்து வீட்டுப் பையனிடம் வாங்கி வரச் சொல்வது கஷ்டம், பெரும்பாலும் அம்மாவே வருவார். அந்த வரிசையில் தலைக்கு ஐந்து நிமிடம் உங்களுடையது. பொடியைக் கஞ்சியாக மட்டும் காய்ச்சினால் குழந்தை துப்புகிறது என்று ஒருவர் சொல்வார். புட்டு அவித்தேன், உருண்டை பிடித்தேன் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேரையும் பேசவிட்டுவிட்டு நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். அதில் ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது, மேலே போட வேண்டாம் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். யார் வீட்டுத் திண்ணையில் கூட்டம், யார் உள்ளே வந்து உட்காருவார், யார் வாசலோடு நிற்பார் என்பதெல்லாம் இங்கே இன்னும் உண்டு. தலித், பழங்குடிக் குடியிருப்புகளுக்கு இருந்த காலனி என்ற பெயரை அரசாங்கத் தாள்களிலிருந்து எடுக்கச் சொல்லி 2024 ஜூனில் உத்தரவு போட்டாகிவிட்டது, பழக்கம்தான் போகவில்லை. வாசலில் நிற்பவர் எதுவும் சொல்ல மாட்டார், அடுத்த முறை வரமாட்டார், அவ்வளவுதான். அதனால் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒரு மாதம் இந்தத் தெரு, அடுத்த மாதம் அந்தத் தெரு. நாற்காலி சிலருக்கு மட்டும் என்றால் நாற்காலியே வேண்டாம், எல்லோருக்கும் பாய் விரியுங்கள். முதலமடைப் பக்கம் எரவாளர் பழங்குடிக் குடும்பங்கள் இருக்கும் இடத்தில் வேலை என்றால், அவர்கள் ஊருக்குள் வரட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே அங்கே போய் உட்காருங்கள்.

அம்முச்சியைப் பிடியுங்கள்

நோட்டைப் பார்த்தால் ஒன்று புரிந்துவிடும். பகலில் பாதி வீடுகளில் குழந்தையோடு இருப்பது அம்மா இல்லை. அப்பாவின் அம்மா, அல்லது பெண் தாய்வீட்டோடு இருந்தால் அம்முச்சி (அம்மாவின் அம்மா). அம்மாவுக்கு மட்டும் சொல்லிவிட்டு வந்தால், சாயங்காலம் அவர் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும். மாமியாரிடம், "டீச்சர் இப்படிப் பண்ணச் சொன்னாங்க" என்று ஆரம்பித்தாலே வேலை கெட்டது.

பெரியவர்களிடம் பேச எளிய வழி, அவர்களுக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குவதுதான். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாக ஊட்டிவிட்டு, கை வழியாக ஊர்ந்து போய் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டு எந்தப் பாட்டிக்குத் தெரியாது? குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசுவது, அதன் முறைக்காகக் காத்திருப்பது, தொடுவது, விரல்களுக்குப் பெயர் சொல்வது எல்லாம் அதில் அடக்கம். மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்ட நவசேதனா கையேட்டில், பிறப்பு முதல் மூன்று வயது வரை 36 மாதத்துக்கு 140 விளையாட்டுகள் இருக்கின்றன. அதைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஏனுங்கம்மா, நீங்க பண்றதத்தான் டெல்லியில புஸ்தகமாப் போட்டிருக்காங்க" என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் அவரே நாலு பேருக்குச் சொல்வார்.

முரண்படும் இடங்களும் வரும். எல்லாவற்றுக்கும் சண்டை போடாதீர்கள். கன்னத்துக் கருப்புப் பொட்டு, வாசலில் வேப்பிலை, திருஷ்டி சுற்றுவது எதனாலும் குழந்தைக்குக் கெடுதல் இல்லை, விடுங்கள். விடக் கூடாதவை கொஞ்சம்தான். பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் வேண்டாம், சீம்பால்தான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் இல்லை, தண்ணீரும்கூட. ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. குளிக்க வைக்கும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது. காய்ச்சல், மூச்சு வாங்குவது, பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது என்றால் மந்திரிக்கப் போகும் முன் ஆஸ்பத்திரி. நாற்பது விஷயம் சொன்னால் நாற்பதும் போய்விடும், இந்த நாலைந்தில் உறுதியாக நின்றால் கேட்பார்கள்.

வீட்டுக்குப் போனால் என்ன செய்வது

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்தில் 1986, 87 வாக்கில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் போனார்கள். கொண்டுபோனது வீட்டிலேயே செய்த பொம்மைகளும் படங்களும்தான். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் யாரும் வராத வீட்டுக் குழந்தைகளைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அந்தப் பணியாளர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் இல்லை. குழந்தையோடு தாங்களே விளையாடிவிட்டு வந்துவிடாமல், அம்மாவை விளையாட வைத்துவிட்டு வந்தார்கள். நாம் செய்ய வேண்டியதும் அதுதான்.

உதாரணத்துக்கு, பத்து மாதக் குழந்தை இருக்கும் வீடு. போனதும் பாயில் உட்காருங்கள். கட்டிலில் உட்கார்ந்தால் நீங்கள் விருந்தாளி. முதல் ஐந்து நிமிடம் திட்டம் எதுவும் வேண்டாம். மாடு கன்று போட்டதா, தண்ணீர் வருகிறதா என்று பேசுங்கள். அப்புறம் வீட்டிலிருந்தே ஒரு எவர்சில்வர் டப்பா, இரண்டு கரண்டி, ஒரு துண்டு கேளுங்கள். குழந்தை பார்க்கும்படி கரண்டியை டப்பாவில் போட்டு, 'டங்' என்று சத்தம் வந்ததும் நிறுத்திக் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். இரண்டு முறை போதும். உடனே டப்பாவை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் நகர்ந்துவிடுங்கள். அவர் கூச்சப்படுவார். "எனக்கெங்கீங்க டீச்சர் வருது" என்பார். பொறுத்திருங்கள். குழந்தை கரண்டியைப் பிடுங்கி வாயில் வைக்கும், அப்புறம் டப்பாவுக்குள் போடும், அம்மா தன்னையறியாமல் "அட சாமி!" என்று கத்துவார். அந்த நேரம்தான் நீங்கள் வாயைத் திறக்க வேண்டிய நேரம். "நீங்க சிரிச்சதும் மறுபடி உங்களப் பாத்துது, கவனிச்சீங்களா?" இவ்வளவு சொன்னால் போதும். மூளை, நரம்பு, வளர்ச்சி என்று பாடம் எடுக்க வேண்டாம்.

அடுத்து அந்தக் கரண்டியைத் துண்டுக்கடியில் ஒளித்துவைத்துத் தேட விடுவது. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு முறைக்கு ஒரு விளையாட்டு, மிஞ்சினால் இரண்டு. எப்போது செய்வார்கள் என்பதை அவர்களையே சொல்லவிடுங்கள்: சோறு வேகும்போது, குளிப்பாட்டும்போது, பால் ஊற்றிவிட்டு வந்ததும். அரை மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள் என்று சொன்னால் அது நடக்காது.

பொம்மை கொடுக்கும் திட்டமாக இருந்தால் அடுத்த முறை போகும்போது அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு வீட்டில் நாம் கொடுத்த மரக்கட்டைகள் கவர்கூடப் பிரிக்காமல் பீரோ மேல் இருந்தன. "பாழாயிடுமுங்க, பாப்பா பெருசானதும் குடுக்கலாம்னு வச்சிருக்கறேன்." இதில் கோபப்பட ஒன்றுமில்லை, காசு போட்டு வாங்கிய பொருளாகத் தெரிந்தால் அதைப் பத்திரப்படுத்தத்தான் செய்வார்கள். அதனால்தான் தேங்காய்த் தொட்டி, காலி டப்பா, பழைய சேலைத் துணி, தானியம் போட்டு மூடியை இறுக ஒட்டிய பாட்டில் என்று செய்வதை நான் விரும்புகிறேன். தொட்டியின் விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கிவிடுங்கள். வாய்க்குள் முழுதாகப் போகும் எதுவும் மூன்று வயதுக்குள் வேண்டாம். புளியங்கொட்டை, நிலக்கடலை, பட்டன், கடிகார பேட்டரி எல்லாம் அதில் சேர்த்தி.

ஆஷா பணியாளரும் குழந்தைக்கு 3, 6, 9, 12, 15 மாதம் ஆகும்போது வீட்டுக்கு வருவார். அவரிடம் தேதி கேட்டு ஒத்துவந்தால் சேர்ந்தே போங்கள். ஒரே வாரத்தில் இரண்டு பேர் வந்து ஒரே கேள்வியைக் கேட்டால் எந்த வீட்டுக்கும் சலிப்புத்தான்.

கூட்டம் நாற்பது நிமிடம்

வீட்டுக்குப் போகாமல் கூட்டத்திலேயே இதைச் செய்ய முடியாதா என்றால், முடியும். ஒடிசா கிராமங்களில் வீட்டுக்குப் போவதையும் சிறு குழுவாகக் கூடுவதையும் ஒப்பிட்டு 2020இல் வெளியான ஆய்வில், குழுவும் அதே அளவு பலன் தந்தது தெரிந்தது, செலவும் குறைவு. ஆனால் அது கொஞ்சம் அம்மாக்கள் மட்டும் குழந்தைகளோடு சுற்றி உட்காரும் குழு. ஐம்பது நாற்காலி போட்டு மைக் வைக்கும் கூட்டம் இல்லை.

நம்மூரில் எதற்கெடுத்தாலும் ஒரு உத்காடனம் (தொடக்க விழா) வேண்டும். ஸ்வாகதம் (வரவேற்பு), அத்யக்ஷர் (தலைவர்), ஆசம்சை (வாழ்த்துரை), பொன்னாடை எல்லாம் முடிவதற்குள் குழந்தைகள் அழ ஆரம்பித்து அம்மாக்கள் எழுந்துபோய்விடுவார்கள். பஞ்சாயத்து மெம்பரைக் கூப்பிடாமலும் இருக்க முடியாது. கடைசிப் பத்து நிமிடத்துக்கு வரச் சொல்லி, வந்தவரைப் பாயில் ஒரு குழந்தையோடு உட்காரவைத்துவிடுங்கள். பேச்சு தானாகக் குறையும்.

நாற்பது நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். ஆட்கள் வந்துசேரும் வரை நடுவில் விளையாட்டுச் சாமான் கிடக்கட்டும். பிறகு, "போன தடவை சொன்னதை யார் வீட்டில் செஞ்சீங்க, பாப்பா என்ன பண்ணுச்சு?" என்று ஒரு சுற்று. செய்யாதவரைக் கேள்வி கேட்காதீர்கள். அப்புறம் ஒரே ஒரு புது விளையாட்டு, அதை ஒவ்வொருவரும் தன் குழந்தையோடு செய்து பார்ப்பது. கடைசியில் சுண்டலும் டீயும். கூடவரும் பெரிய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஹெல்பரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பாட்டி கேட்கும் கேள்விக்கு நீங்களே பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். "உங்க வீட்ல எப்படிங்க?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் திருப்பிவிடுங்கள். போன் விஷயம் இதற்கு நல்ல உதாரணம். இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது. ஆனால் ஒற்றை ஆளாகச் சமைக்கும் பெண், ரீல்ஸ் போட்டுக் கொடுக்காவிட்டால் குழந்தை அடுப்பண்டை வந்துவிடும் என்கிறாள். அவளுக்குத் தடையைவிட மாற்று வழிதான் வேண்டும். அடுப்புக்கு எட்டாத தூரத்தில் ஒரு கூடை நிறையச் சின்னப் பாத்திரங்கள் வைக்கலாம் என்று இன்னொரு அம்மா சொன்னால், அது நாம் சொல்வதைவிட நன்றாக ஏறும்.

மலையாளத் தாளும் தமிழ் வீடும்

வரும் போஸ்டர், ஃபிளிப் சார்ட், நோட்டீஸ் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்த பெண்களுக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மாட்டார்கள், தலையாட்டுவார்கள். தாளைக் கையில் கொடுத்துவிட்டு வராமல், படத்தைக் காட்டித் தமிழில் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் எழுத்தைவிடக் குரல் நல்லது. ஒரு நிமிடத்துக்குள், வாரம் ஒன்று. பல வீடுகளில் போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், அதனால் இரவு எட்டு மணிக்கு மேல் அனுப்புங்கள். வராதவர்கள் பெயரைக் குழுவில் போடவே போடாதீர்கள். குழந்தைகள் படத்தையும் கேட்காமல் போட வேண்டாம்.

அப்பாக்களுக்குத் தனிக் கூட்டம் வைப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. தூளி கட்டும் கொக்கியைச் சரிபார்ப்பது, வண்டியில் கொண்டுவந்து விடுவது என்று வேலையாகக் கொடுத்தால் செய்கிறார்கள். அழைப்பில் அவர் பெயரையும் எழுதுங்கள். சாயங்காலம் பால் சொசைட்டி வரிசையில் பிடித்து இரண்டு நிமிடம் பேசுங்கள்.

தாய்வீட்டுக்குப் போகும் மாதங்கள்

எல்லைப் பக்கத்துக்கே உரிய சிக்கல் இது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண் தமிழ்நாட்டுப் பக்கம் தாய்வீடு போய்விடுவாள். பிரசவம் அங்கே, தடுப்பூசி அங்கே, திரும்பி வருவது குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகு. அங்கேயும் பதிவு முழுமையாக இருக்காது, இங்கேயும் இருக்காது.

போகும் முன்பே தாய்வீட்டு ஊர்ப்பெயரும் அங்கிருக்கும் ஒரு போன் நம்பரும் வாங்கிவையுங்கள். தமிழ்நாட்டில் பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) கேட்பார்கள், இங்கே கொடுத்த தாய் சேய் பாதுகாப்பு அட்டையையும் கையோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள். பயனாளியை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றும் வசதி போஷன் டிராக்கரில் உண்டு, அதைச் செய்துவிடுங்கள். இடையில் குரல் செய்தி நிற்க வேண்டாம். திரும்பி வந்த வாரமே வீட்டுக்குப் போங்கள். ஆறு மாதம் நெருங்கும், திட உணவு தொடங்க வேண்டிய நேரம் அது.

சந்தேகம் வந்தால்

ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று வீட்டில் சொல்வார்கள். இருக்கலாம், பார்த்துவிட்டு வந்தால் நிம்மதிதானே என்று கேளுங்கள். இதைக் கூட்டத்தில் சொல்லக் கூடாது, மாமியார் முன்னால் அம்மாவிடமும் சொல்லக் கூடாது. அம்மா அப்பா இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். நோயின் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள், அது டாக்டர் வேலை. "முதல்ல காது நல்லாக் கேக்குதான்னு பாத்துட்டு வந்துரலாம்" என்பது போதும். ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் (அரசின் குழந்தைகள் உடல்நலத் திட்டம்) வழியாக மாவட்ட மையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். கோயம்புத்தூரில்தான் காட்டுவோம் என்றால் அதுவும் சரி. எங்கே போனாலும் சீட்டை வாங்கிப் பார்த்துத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் முறை போகும்போது முடிந்தால் கூடப் போங்கள்.

நோட்டில் எதை எழுதுவது

மேலே அனுப்பும் கணக்குக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது வேண்டும், அதை எழுதிவிடுங்கள். உங்களுக்கென்று வைத்திருக்கும் நோட்டில் வேறு கேள்விகள் இருக்கட்டும். வீட்டில் யார் செய்து பார்த்தார்கள், பொம்மை தரையில் கிடந்ததா பீரோ மேல் இருந்ததா, பாட்டி என்ன சொன்னார். தொடர்ந்து மூன்று முறை வராத வீட்டுக்கு நேரே போய், "உடம்பு சௌக்கியந்தானுங்களா?" என்று கேளுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம், காரணம் தானாக வரும். சூளை மாறியிருப்பார்கள், மாடு செத்திருக்கும், போன கூட்டத்தில் யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள்.

ஆறு மாதம் போனதும் நன்றாக விளையாடும் ஓர் அம்மாவையோ பாட்டியையோ பார்த்து அடுத்த கூட்டத்தை நடத்தச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். டிரான்ஸ்ஃபர் வந்தால் அந்த நோட்டை அடுத்து வருபவரிடம் கொடுத்து, கூட்டம் நடத்தும் அம்மாவின் வீட்டையும் காட்டிவிட்டுப் போங்கள்.